சேவல் கொண்டையில் இருப்பது உங்கள் கன்னத்துக்குள்! ஃபில்லர் ஊசியில் என்னதான் இருக்கிறது?

வணக்கம்! சேவலின் கொண்டையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே எலும்பு கிடையாது. ஆனாலும் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருள் அதில் நிறைய இருக்கிறது. அதே பொருளைத்தான் இன்று முகச் சுருக்கத்துக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள். பெயர் ஹயலூரோனிக் ஆசிட்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கண்ணாடியைக் கையில் எடுங்கள். மல்லாந்து படுத்து, முகத்துக்கு நேர் மேலே பிடித்துப் பாருங்கள். மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோடு லேசாக மங்கியிருக்கும். இப்போது எழுந்து, கண்ணாடியை மடியில் வைத்துக் குனிந்து பாருங்கள். அதே கோடு ஆழமாகத் தெரியும். இரண்டு முறையும் தோல் ஒன்றுதான். மாறியது, உள்ளிருக்கும் சதை சாயும் திசை. வயது ஏற ஏற முகத்துக்குள் இருக்கும் கொழுப்பு வற்றி இறங்குகிறது, எலும்பும் கொஞ்சம் கரைகிறது, கண்குழி அகலமாகிறது. காற்றுக் குறைந்த பலூன் மாதிரி மேலே தோல் தொய்கிறது. ஃபில்லர் அந்தக் காலி இடத்தை நிரப்பும் ஜெல். போடாக்ஸ் வேறு: அது தசையைத் தளர்த்தும் மருந்து. புருவத்தை நெரித்தால் மட்டும் வரும் கோட்டுக்கு போடாக்ஸ், முகம் சும்மா இருக்கும்போதும் தெரியும் பள்ளத்துக்கு ஃபில்லர். பொதுவாக இப்படித்தான்.

வரலாற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரஃபின் மெழுகை ஊசியில் ஏற்றினார்கள். அது உள்ளே கட்டிகட்டியாக இறுகிப்போனது. 1981-ல் மாட்டுக் கொலாஜனுக்கு (தோலுக்கு உறுதி தரும் புரதம்) அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அலர்ஜி வருமா என்று முன்கூட்டியே கையில் போட்டுப் பார்த்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2003-ல் ஹயலூரோனிக் ஆசிட் ஃபில்லருக்கு அங்கே அனுமதி கிடைத்தது. அவ்வளவுதான் வரலாறு.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தப் பொருளை 1934-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஹயலோஸ் என்றால் கிரேக்கத்தில் கண்ணாடி; பெயர் அங்கிருந்து வந்தது. பிறகு சேவல் கொண்டையிலிருந்தும் எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். நம் உடம்பிலும் இது உண்டு: 70 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 15 கிராம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தினமும் சிதைந்து, தினமும் புதிதாக உருவாகிறது!

அப்படியானால், ஊசியில் போட்டதும் சில நாளில் காணாமல் போய்விடாதா? சும்மா போட்டால் போய்விடும். இதன் மூலக்கூறுகள் நீளமான நூலிழை மாதிரி இருக்கும். அதனால் அந்த நூலிழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வலையாக்குகிறார்கள். தனி நூலை உடம்பின் என்சைம் (பொருள்களைச் சிதைக்கும் புரதம்) சட்டென்று வெட்டிவிடும். வலையை அறுத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். பொதுவாக 6 முதல் 18 மாதம் என்கிறார்கள். பல வருடம் கழித்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மிச்சம் தெரிந்தவர்களும் உண்டு. ஊசி போட்ட பிறகு முகம் பிடிக்கவில்லையா? ஹயலூரோனிடேஸ் என்ற அதே வகை என்சைமை மருத்துவர் ஊசியாகப் போட்டு அந்த வலையைக் கரைக்கலாம். என்னைக் கேட்டால், இந்த ஃபில்லரின் மிகப் பெரிய பலமே இதுதான். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பி.எம்.எம்.ஏ. என்ற வேறு பொருள்களால் ஆன ஃபில்லர்களை இப்படிக் கரைக்க முடியாது. முதல் முறை போடுகிறவர் கரைக்க முடிந்ததையே கேளுங்கள் என்பேன்.

இதை மட்டும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். வீக்கமும் ரத்தக்கட்டும் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் ஜெல் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகலாம். அபூர்வமாகப் பார்வையே போகலாம். மூக்கும் புருவ மத்தியும் அதிக ஆபத்தான இடங்கள். தோல் திடீரென்று வெளுத்தாலோ, வலை போல ஊதாத் திட்டு படர்ந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பார்வை மங்கினால் நிமிடக் கணக்கு. ஆன்லைனில் வாங்கி வீட்டில் தானே போட்டுக்கொள்வதும், ஜெல்லை அழுத்தத்தால் தோலுக்குள் செலுத்தும் ஊசியில்லாத பேனா கருவிகளும் வேண்டவே வேண்டாம். அந்தப் பேனாக்களைப் பற்றி 2021-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

சரி, போட முடிவு செய்துவிட்டீர்களா? ஃபில்லர் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயரும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதியின் எண்) இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மருத்துவரிடம் ஒரே கேள்வி: "ஹயலூரோனிடேஸ் இப்போது இந்த அறையில் இருக்கிறதா?" இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டவர்கள், உங்களுக்கு அந்தப் பெட்டியைக் காட்டினார்களா? கமென்ட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.