ரெப்ளிகா பின்தங்கினால் வொர்க்கரைக் கூட்டுவதற்கு முன்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் ரெப்ளிகேஷன், அதாவது சோர்ஸ் என்கிற மூல சர்வரில் நடக்கும் மாற்றங்களை ரெப்ளிகா என்கிற நகல் சர்வர் திரும்பச் செய்வது, அதிலும் லேக், அதாவது ரெப்ளிகா பின்தங்குவது.

லேக் ஏறியதும் எல்லோரும் முதலில் கூட்டிப் பார்ப்பது ரெப்ளிகா பேரலல் வொர்க்கர்ஸ் எண்ணைத்தான், அதாவது மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்கிற வொர்க்கர்கள் எத்தனை என்பதை, நானும் அதைத்தான் செய்தேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் பழைய ஆடிட் பதிவுகளை அழிக்கிற ஜாப் தினமும் ராத்திரி ஓடும், ஒரே டெலீட், 30 லட்சம் வரிகள், சோர்ஸில் சில நிமிடத்தில் முடிந்துவிடும், ரெப்ளிகா மட்டும் விடியும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 4 வொர்க்கரை 16 ஆக்கினேன். எதுவும் மாறவில்லை.

ஏனென்றால் ஒரு டிரான்ஸாக்ஷனை, அதாவது ஒன்றாகவே முடியவேண்டிய மாற்றங்களின் தொகுப்பை, ஒரே வொர்க்கர்தான் முடிக்கும், அதைப் பங்கு போட வழியில்லை. சோர்ஸ் டேபிளை ஒரு தடவை படித்து அழித்துவிடுகிறது, ஆனால் ரோ ஃபார்மட் பின்லாகில் (சோர்ஸ் தன் மாற்றங்களை எழுதி ரெப்ளிகாவுக்கு அனுப்பும் பதிவில்) அது வரி வரியாகத்தான் போகிறது, ரெப்ளிகா ஒவ்வொரு வரியையும் தேடிப் பிடிக்கணும். எங்கள் டேபிளில் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாளம்) இல்லை, சட்டென்று தேட உதவும் வேறு இண்டெக்ஸும் இல்லை! மைஎஸ்க்யூஎல் 5.7 வெர்ஷனில் இப்படி இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் டேபிளைத் துழாவும், 8.0ல் ஹாஷ் முறையே டிஃபால்ட் ஆகிக் கொஞ்சம் தணிந்தது, ஆனாலும் பின்லாகில் வரும் ஒவ்வொரு ஈவண்டுக்கும் (சில வரிகளின் தொகுப்பு) முழு டேபிள்தான். பிரைமரி கீ சேர்த்தோம், டெலீட்டை 5000 வரிகளாக வெட்டினோம், லேக் அடங்கியது. அதனால் முதலில் பிரைமரி கீ இல்லாத டேபிள்களைத் தேடுங்கள், தயவுசெய்து. 8.0.30லிருந்து கண்ணுக்குத் தெரியாத பிரைமரி கீயைத் தானாகவே போடுகிற செட்டிங் இருக்கிறது, ஆனால் புதிதாக உருவாக்குகிற டேபிளுக்கு மட்டும்தான்.

சரி, டிரான்ஸாக்ஷன்கள் சின்னச் சின்னதாக நிறைய வருகின்றன, அப்போதும் லேக் என்றால் வொர்க்கர் எண்ணைப் பார்க்கலாம். 8.0.27லிருந்து டிஃபால்ட்டே 4. ஆனால் எதையெல்லாம் ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்று சோர்ஸ்தான் பின்லாகில் குறித்து அனுப்புகிறது, அந்தக் குறிப்பு டிரான்ஸாக்ஷன்கள் முடிந்து கமிட் ஆன வரிசையை வைத்து இருந்தால் சோர்ஸில் கூட்டம் குறைவாக இருக்கும்போது வொர்க்கர்களில் பாதி சும்மா உட்கார்ந்திருக்கும். 8.0ல் இந்தக் குறிப்பைத் தீர்மானிக்கும் டிபெண்டன்சி டிராக்கிங்கை ரைட்செட்டுக்கு, அதாவது எந்த வரிகள் மாறின என்று பார்க்கும் முறைக்கு, மாற்றுங்கள், மாற்ற வேண்டியது சோர்ஸில், இதை ரெப்ளிகாவில் மாற்றிவிட்டுக் காத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 8.4ல் அதுவே வழக்கம். ரைட்செட்டுக்கும் பிரைமரி கீ வேண்டும், இல்லாவிட்டால் பழைய கமிட் வரிசைக்கே திரும்பிவிடும்.

அப்புறம் வொர்க்கர் எண்ணை மாற்றியதும் ரெப்ளிகாவில் மாற்றங்களைச் செய்யும் எஸ்க்யூஎல் த்ரெட்டை நிறுத்தி மறுபடி தொடங்கணும், அதுவரை பழைய எண்தான் ஓடும்.

கடைசியாக டிஸ்க். டேட்டாவைச் சேமிக்கும் இன்னோடிபியின் ஃப்ளஷ் லாக் செட்டிங்கை 2 ஆகவும் சிங்க் பின்லாகை 0 ஆகவும் வைத்தால் ரெப்ளிகா வேகமாகப் பிடித்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க்கை எதிர்பார்க்காது. ஆனால் கரண்ட் போனால் கடைசியாக வந்த கொஞ்சம் டேட்டா போகலாம். பின்தங்கியதைப் பிடிக்கும்வரை மட்டும், ரெப்ளிகாவில் மட்டும் இப்படி வையுங்கள். ஃபெயிலோவர் வந்து அதே ரெப்ளிகா சோர்ஸாக மாறுகிற அன்றைக்கும் இந்த எண்கள் அப்படியே இருந்தால் ஆபத்து, அதனால் லேக் பூஜ்யத்துக்கு வந்ததும் இரண்டையும் 1க்குத் திருப்பிவிட்டுத்தான் நான் ஸ்க்ரீனை மூடுவேன்.