அறிதுயிலும் கதவுள்ள ஓர் அறையும்

அனைவருக்கும் வணக்கம். விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து எங்களைக் கௌரவித்திருக்கும் வைத்திய கலாநிதி ஐயா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் அம்மா அவர்களே, அதிபர்களே, சனசமூக நிலைய நிர்வாக சபையினரே, முன்வரிசையில் இருக்கும் தாதிய மாணவிகளே, பருத்தித்துறையிலிருந்தும் கொடிகாமத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உளவளத்துணையாளர்களே! வைத்திய கலாநிதி ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். இரவுக் கடமை முடித்து, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்து அமர்ந்திருக்கிறார். பொன்னாடை போர்த்த வேண்டியது அவருக்குத்தான், எனக்குப் போர்த்திவிட்டீர்கள். சரி.

சிகிச்சைக்கு வருகிறவரை அறிதுயில், அதாவது ஹிப்னாடிச நிலைக்கு எப்படி அழைத்துப் போவது என்று பேசச் சொன்னார்கள். மூன்று விடயம் சொல்லப் போகிறேன். எப்படி உள்ளே அழைத்துப் போவது, யாருக்கு இதைச் செய்யக் கூடாது, எப்படித் திரும்பக் கொண்டு வருவது. மூன்றுக்கும் முன்னால் எங்கள் அம்மம்மாவின் பழமொழி ஒன்று இருக்கிறது: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். நான் ஏறுகிற மேடையெல்லாம் இதைச் சொல்கிறேன், இன்றும் சொல்வேன்.

மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்றொரு சத்திரசிகிச்சை வைத்தியர் இருந்தார். 1841இல் ஒரு மேடைக் காட்சியைப் பார்த்துவிட்டு, இதில் உண்மை என்ன என்று தானே ஆராயத் தொடங்கினார். கத்தி வைக்கிற தன் சிறு பெட்டியை நோயாளியின் கண்ணிலிருந்து 8 முதல் 15 அங்குல தூரத்தில், நெற்றிக்குச் சற்று மேலாகப் பிடித்து, அதையே உற்றுப் பார்க்கச் சொல்வார். கண் களைக்கும், இமை தானாக இறங்கும். 1843இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்கிற இன்றைய முறையும் அதே வழிதான். அப்புறம் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியரின் தசைத் தளர்வு: கையை இறுக்கி விடு, தோளை இறுக்கி விடு என்று உடம்பு முழுக்க ஒவ்வொரு பகுதியாகப் போவது. அதற்குப் பிறகு இருபதிலிருந்து கீழ்நோக்கி எண்ணி, படி இறங்குவதாக நினைக்கச் சொல்லி நிலையை ஆழப்படுத்துவார்கள். 1955இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் அறிதுயிலை ஒரு பயனுள்ள மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது. ஆகவே இதைச் சூனியம், செய்வினை என்று யாரும் பயப்படத் தேவையில்லை.

முறை எதுவானாலும் சில விடயம் பொது. வருகிறவரின் மூச்சைப் பாருங்கள். அவர் மூச்சை விடும்போது உங்கள் சொல்லும் இறங்கட்டும். "கண்ணை மூடுங்கள்" என்று கட்டளை போடாமல், "விரும்பினால் மூடலாம், திறந்திருந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லிப் பாருங்கள். 1980இல் காலமான மில்டன் எரிக்சன் என்ற அமெரிக்க உளமருத்துவர் இந்த விட்டுக்கொடுக்கிற பேச்சுக்குப் பேர் பெற்றவர். எங்கள் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரால் நொந்த சனங்களுக்குத் தசைத் தளர்வோடு சவாசனத்தையும், அவரவர் சமயத்துக்கேற்ற மந்திர உச்சாடனத்தையும் சேர்த்துப் பயன்படுத்தியதை எழுதியிருக்கிறார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும்!

இங்கே ஒரு கதை. எனக்குத் தெரிந்த உளவளத்துணையாளர் தங்கச்சி ஒருவர் சொன்னது. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, நித்திரையே வருவதில்லை என்று வந்திருக்கிறார். தங்கச்சி தான் பாடப் புத்தகத்தில் படித்தபடியே தொடங்கியிருக்கிறார்: அமைதியான ஒரு கடற்கரையில் நிற்கிறீர்கள், அலை வந்து காலைத் தொடுகிறது... அம்மாவின் கை கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்துவிட்டது. "எனக்குக் கடல் வேண்டாம் பிள்ளை" என்றாராம். 2009இல் முள்ளிவாய்க்கால் கரையால் வந்தவர் அவர். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்குக் கடற்கரை என்றால் விடுமுறை. இந்த அம்மாவுக்கு?

தங்கச்சி கெட்டிக்காரி. உடனே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, "வீட்டில என்ன செய்யிறனீங்கள் அம்மா?" என்று கேட்டிருக்கிறார். "நீத்துப்பெட்டி இழைக்கிறனான்." "எப்படி இழைக்கிறது, எனக்குச் சொல்லித் தாங்கோ." அம்மா சொல்லத் தொடங்கினார். குருத்தோலையைக் காய வைப்பது, ஈர்க்கை எடுப்பது, ஒரே அகலத்தில் வார்வது, பிறகு ஒன்று மேலே ஒன்று கீழே, ஒன்று மேலே ஒன்று கீழே. மடியில் ஓலை எதுவும் இல்லை, ஆனாலும் விரல்கள் இழைக்கிற மாதிரியே அசைகின்றன. கண் அந்த விரல்களிலேயே நிற்கிறது. தங்கச்சியும் குரலை இறக்கி, "மேலே... கீழே..." என்று கூடவே சொல்ல, விரலின் வேகம் குறைந்து, தோள் தளர்ந்து, இமையும் இறங்கிவிட்டது. பிரெய்ட் பெட்டியைக் காட்டிச் செய்ததை இந்த அம்மா வெறும் விரலைப் பார்த்தே செய்துவிட்டார். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறப்பது இதுதான் ஐயா!

அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலையை விலக்கி ஒருவர் தலையை நீட்டி, "நாற்பத்தேழாம் நம்பர் இருக்கா?" என்று கத்தியிருக்கிறார். அம்மா திடுக்கிட்டு எழுந்துவிட்டார், முகமெல்லாம் வேர்வை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவேயில்லை.

இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். அது எந்த வைத்தியசாலை என்று கேட்காதீர்கள், பல இடத்தில் நிலைமை அதுதான். இரத்த அழுத்தம் பார்க்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, உளவளத்துணைப் பிரிவு என்று எழுதி ஒட்டுகிறோம். மகனைத் தொலைத்த தாய் அந்தத் துணிக்குப் பின்னால் இருந்து என்னத்தைக் கதைப்பாள், அடுத்த வாங்கில் அயல்வீட்டுக்காரி இருக்கும்போது? எத்தனை வழிமுறை படித்தென்ன, பாட இடமில்லாவிட்டால் எந்த மாட்டைக் கறப்பது? நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் ஓர் அறை, அதற்கு ஒரு கதவு, உள்ளே இரண்டு கதிரை, ஒரு காற்றாடி.

நேரம் முடிந்தது என்று துண்டு வந்துவிட்டது. இரண்டாவது விடயத்தை ஒரே வரியில் சொல்கிறேன்: மனப்பிறழ்வு இருப்பவருக்கு உளமருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது, மறந்த நினைவைத் தோண்டி எடுக்கிறேன் என்று யாரும் இறங்கவும் கூடாது, இல்லாத நினைவு புதிதாக முளைத்துவிடும். மூன்றாவதைக் கேட்க விரும்பும் உளவளத்துணையாளர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள், செய்தே காட்டுகிறேன்.

அந்த அறையைக் கேட்கிற கையொப்பப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், கிராம சேவகர் பிரிவு, கையொப்பம், மூன்றும் போதும். தாதிய மாணவிகள் எல்லோரும் கட்டாயம் போட வேண்டும். திங்கட்கிழமை காலை அதைப் பிரதேச செயலக அம்மாவின் கையில் கொடுக்கப் போகிறோம், ஒரு பிரதி வைத்திய கலாநிதி ஐயாவுக்கும். நன்றி, வணக்கம்.