தேடுவதற்கு டிக்ஷனரி போதுமா, டேட்டாபேஸ் வேண்டுமா?

திரையில்: காலியான தேடல் பெட்டி. உள்ளே கர்சர் மினுக்குகிறது.

உங்கள் நிரலில் ஒரு தேடல் பெட்டி வைக்க வேண்டும். அதற்குப் பின்னால் தரவை எதில் வைப்பது? நிரல்மொழியிலேயே இருக்கிற லிஸ்ட், ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய விவரத்தைத் தரும் டிக்ஷனரி, கூடவே தரவை எழுத்தாகச் சேமிக்கும் ஒரு ஜேசான் ஃபைல் போதுமா? இல்லை, டேபிள், அதனிடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல் என்று டேட்டாபேஸுக்கே போய்விட வேண்டுமா?

இதைக் கேட்பவர்கள் கூடவே ஓர் எண்ணையும் சொல்வார்கள். "என்னிடம் 5,000 பதிவுகள் இருக்கின்றன, எது நல்லது?" எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. பயன்படுத்துபவர் அந்தப் பெட்டியில் என்னவெல்லாம் கேட்கப்போகிறார்? முதலில் அதை ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும். எதில் வைப்பது என்பது அந்தத் தாளிலிருந்துதான் வரும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பார்ப்போம். நூலகப் பட்டியல். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண், தலைப்பு, ஆசிரியர், வெளியான ஆண்டு, பொருள், நாலு வரி அறிமுகம்.

திரையில்: தாளில் முதல் கேள்வி. "1742-ஆம் எண் நூல் எது?"

இதற்கு டிக்ஷனரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. நூல் எண்ணைக் கொடுத்தால், அதை ஒரு கணக்குக்குள் போட்டு, விவரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நேரே கண்டுபிடித்துவிடும். இதைத்தான் ஹேஷ் என்கிறோம். நூல்கள் 1,000 இருந்தாலும் 10 லட்சம் இருந்தாலும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் தாளில் இந்த மாதிரிக் கேள்விகள் மட்டும் இருந்தால் வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கலாம். பயனரின் அமைப்புகள், கடைசியாகப் படித்த பக்கம், எழுத்தின் அளவு இதெல்லாம் இந்த வகை. இவற்றுக்கு டேட்டாபேஸ் தேவையே இல்லை.

திரையில்: இரண்டாவது கேள்வி. "தலைப்பில் 'மரம்' என்று வரும் நூல்கள்."

இங்கே டிக்ஷனரியின் சாவி உதவாது. ஒரு ஃபார் லூப் போட்டு ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். கேட்கவே மந்தமாகத் தோன்றும். ஆனால் 5,000 தலைப்புகளை இன்றைய கணினி பார்த்து முடிப்பது பயனரின் கண்ணுக்கே தெரியாது. பட்டியல் சிறியது, அடிக்கடி மாறாது என்றால் அந்த லூப்பை அப்படியே விட்டுவிடுங்கள். வேகம் போதாது என்று யாரும் சொல்லாதவரை அதில் கை வைக்க வேண்டாம்.

திரையில்: மூன்றாவது கேள்வி. "இந்த ஆசிரியர் எழுதியவை, 1990-க்குப் பிறகு வந்தவை, வரலாறு பற்றியவை, ஆண்டு வரிசையில்."

வினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இதற்கும் ஒரு லூப் போதும் என்று தோன்றும். அது மெதுவாகத் தெரிந்ததும் ஆசிரியர் பெயரைச் சாவியாக வைத்து இரண்டாவது டிக்ஷனரி ஒன்று செய்வீர்கள். பெயரைக் கொடுத்தால் நூல் எண்கள் வரும். அப்புறம் ஆண்டுக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. ஆக, ஒரே தரவுக்கு நான்கு இடம்.

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 1742-ஆம் நூலின் ஆசிரியர் பெயரில் ஒரு எழுத்துப்பிழை. திருத்துகிறீர்கள். முதல் டிக்ஷனரியில் பெயர் சரியாகிவிட்டது. இரண்டாவது டிக்ஷனரியில் பழைய பெயருக்குக் கீழே 1742 இன்னும் உட்கார்ந்திருக்கிறது. புதிய பெயரின் கீழே அது இல்லை. சரியான பெயரில் தேடுபவருக்கு நூல் கிடைக்காது. நிரல் எந்தப் பிழையும் காட்டாது. நூலகத்தில் நூல் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. இதைவிட மோசமான தேடல் பிழை எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இல்லாததை யாரும் புகார் செய்வதில்லை.

இந்த இடத்துக்கு வந்துவிட்டால் நீங்கள் கைப்பட ஒரு டேட்டாபேஸ் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள் என்று பொருள். பல வருடமாகப் பலர் சோதித்துத் திருத்திய ஒன்றை எடுத்துப் பயன்படுத்துவதுதான் நல்லது.

சேமிப்பதிலும் இதே கதைதான். நான் ஒருமுறை குறிப்புகளையெல்லாம் ஒரே ஜேசான் ஃபைலில் வைத்திருந்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழு ஃபைலையும் புதிதாக எழுதுகிற நிரல். எழுதிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினி அணைந்துவிட்டது. மறுபடி திறந்தபோது ஃபைல் ஒரு சொல்லின் நடுவில் நின்றிருந்தது. மூடும் அடைப்புக்குறிகூட இல்லை, மீதிக் குறிப்புகளும் இல்லை. தற்காலிக ஃபைலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு பெயரை மாற்றினால் இதைத் தவிர்க்கலாம் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். டேட்டாபேஸில் டிரான்சாக்ஷன் என்று ஒன்று இருக்கிறது. ஒரு திருத்தம் முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது. பாதியில் நிற்காது.

திரையில்: மூன்று டேபிள்கள். நூல், ஆசிரியர், இரண்டையும் இணைக்கும் ஒரு குறுகிய டேபிள்.

1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். ரிலேஷனல் டேட்டாபேஸ் அங்கிருந்துதான் கிளம்பியது. அதில் நமக்கு வேண்டிய கருத்து ஒன்றுதான்: தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், எந்த வழியில் போய் எடுப்பது என்பதை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும். ஆசிரியர் பெயர் ஒரே ஓர் இடத்தில் இருக்கும். ஒரு நூலை மூன்று பேர் சேர்ந்து எழுதியிருந்தால் இணைக்கும் டேபிளில் மூன்று வரி. பெயரைத் திருத்தினால் ஒரே இடத்தில் திருத்தம். நாளைக்கு நாலாவதாக ஒரு கேள்வி வந்தாலும் தரவை மாற்றி அடுக்க வேண்டாம், குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, மாற்றினால் போதும்.

வேகத்துக்கு இண்டெக்ஸ், அதாவது தேடுவதற்கென்றே தனியாக வைக்கும் ஓர் அடைவு. பெரும்பாலும் அது பி-ட்ரீ என்ற வடிவத்தில் இருக்கும். போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கியது, கட்டுரையாக 1972-இல் வெளிவந்தது. ஒரு பக்கத்திலிருந்து 100 கிளை பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கம் இறங்கினால் 100 பெருக்கல் 100 பெருக்கல் 100, அதாவது 10 லட்சம் பதிவுகளில் உங்களுக்கு வேண்டியதை எட்டிவிடலாம். ஹேஷில் இல்லாத ஒன்று இதில் உண்டு: எல்லாம் வரிசைப்படி இருக்கும். "1990-க்குப் பிறகு" என்றால் 1990-இல் போய் நின்று, அங்கிருந்து நடந்தால் சரி.

டேட்டாபேஸ் என்றதும் சர்வர், பாஸ்வேர்டு, பராமரிப்பு என்று பயப்படுபவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் எஸ்கியூலைட்டைத்தான் காட்டுவேன். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்டது. சர்வர் கிடையாது. நிரலுக்குள்ளேயே உட்காரும் ஒரு லைப்ரரி, தரவு முழுவதும் ஒரே ஃபைல். பைத்தானில் 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆக, மொழியோடு வருவதா டேட்டாபேஸா என்று நாம் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தோமே, இது இரண்டு பக்கத்திலும் நிற்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது இதன் எல்லை. பல கணினிகளிலிருந்து பலர் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள் என்றால் சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் பக்கம் போங்கள்.

பிரௌசருக்குள் வேலை என்றால் லோக்கல் ஸ்டோரேஜ் ஒரு தளத்துக்குச் சுமார் 5 எம்பி, அதிலும் வெறும் எழுத்துச்சரம் மட்டும். பிரௌசரிலேயே இருக்கும் டேட்டாபேஸான இண்டெக்ஸ்ட் டிபியில் இண்டெக்ஸ் உண்டு, டேபிள்களை இணைத்துக் கேட்கும் ஜாயின் கிடையாது, சொல் தேடலும் கிடையாது.

திரையில்: ஒரு குவெரி. தலைப்பு லைக் '%மரம்%'.

டேட்டாபேஸுக்கு மாறிவிட்டோம், இனித் தேடல் பறக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இந்தக் குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் குவெரி பிளான் என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஸ்கேன் என்று பதில் வரும். சதவிகிதக் குறிக்கு 'இங்கே எது வேண்டுமானாலும் வரலாம்' என்று பொருள்; அது முன்னால் இருப்பதால் சொல் எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறது. நாம் எழுதிய அதே ஃபார் லூப்தான். முன்குறியை எடுத்துவிட்டு 'மரம்%' என்று கொடுத்தால்கூட, எஸ்கியூலைட்டில் நோகேஸ் என்ற ஒப்பீட்டு முறையோடு இண்டெக்ஸ் செய்திருந்தால்தான் அது பயன்படும். ஏனென்றால் அதன் லைக், ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கிறது.

சொல் தேடலுக்கு ஃபுல் டெக்ஸ்ட் இண்டெக்ஸ் வேண்டும். நூலின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதேதான். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வருகிற இடங்கள். எஸ்கியூலைட்டில் இதன் பெயர் எஃப்டிஎஸ்5. தமிழில் தேடல் செய்கிறவர்கள் இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

திரையில்: பெட்டியில் "கிளி". கீழே முடிவுகள்: கிளி, காளி, கேள், கோள்.

இது ஏன் நடக்கிறது? எஃப்டிஎஸ்5 வாக்கியத்தைச் சொற்களாக வெட்டும்போது எழுத்து, எண் என்ற யூனிக்கோடு வகைகளை மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. நம் கொம்பும் காலும் புள்ளியும் யூனிக்கோடில் 'மார்க்' என்ற வேறு வகை. ஆகவே அவற்றை இடைவெளி மாதிரி நினைத்து அங்கேயே வெட்டிவிடுகிறது. கிளி என்பது க, ள என்று இரண்டு துண்டாகிறது. காளியும் க, ள. கேளும் க, ள. கோளும் அப்படியே. டேட்டாபேஸுக்கு நான்கும் ஒரே சொல். தீர்வு சிறியதுதான்: டேபிளை உருவாக்கும்போதே சொற்களாக வெட்டும் யூனிகோட்61 டோக்கனைசரின் கேட்டகரீஸ் அமைப்பில் இரண்டு மார்க் வகைகளையும் சேர்த்துவிடுங்கள். பிறகு கிளி கிளியாகவே இருக்கும்.

அடுத்தது, கண்ணுக்கே தெரியாத ஒன்று. "கொ" என்பதைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீளத்தைக் கேட்டால் ஒன்று 2 என்று சொல்லும், இன்னொன்று 3. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இரண்டையும், குறிகளைச் சேர்த்து ஒரே மாதிரி எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஔகாரத்தை ஒகரம், ளகரம் என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் இதுவும் காப்பாற்றாது. அதை நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வேற்றுமை உருபு. "மரம்" என்று தேடுபவருக்கு "மரத்தில்", "மரங்கள்" கிடைக்காது. "மர" என்று கொடுத்து முன்னொட்டுத் தேடல் செய்தால் இவை வரும், கூடவே மரபும் மரணமும் வரும். போஸ்ட்கிரெஸில் 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கு ஒரு ஸ்டெம்மர் இருக்கிறது. சொல்லின் வாலை வெட்டி அடியைத் தேட முயலும். எல்லாப் புணர்ச்சியையும் அது பிரித்துவிடும் என்று நம்பி விட்டுவிடாமல், உங்கள் தாளில் இருக்கும் சொற்களையே கொடுத்துப் பாருங்கள்.

இந்தத் தமிழ்ச் சிக்கலால்தான், சிறிய, மாறாத பட்டியலுக்கு நான் சில சமயம் டேட்டாபேஸை விட்டுவிட்டு டிக்ஷனரிக்கே திரும்புகிறேன். சொல்லை எங்கே வெட்டுவது, எந்த உருபை நீக்குவது என்பதெல்லாம் என் கையில். சொல்லைச் சாவியாக வைத்து, எதிரே நூல் எண்களின் தொகுப்பை வைத்தால் அதுவே ஒரு சொல்லடைவு. நிரல் தொடங்கும்போது புதிதாகக் கட்டப்படும், திருத்தப்படுவதே இல்லை. அதனால் 1742-க்கு நேர்ந்த கதி இங்கே நேராது. பட்டியல் மாற ஆரம்பித்த அன்றே எஸ்கியூலைட்டுக்குப் போய்விடுவேன், உருபு நீக்கிய சொற்களைத் தனி நெடுவரிசையில் வைத்து அதன்மேல் எஃப்டிஎஸ்5 போடுவேன்.

திரையில்: பெட்டியில் மறுபடியும் "கிளி". கீழே ஒரே ஒரு நூல்.