டப்பாவின் பின்பக்கம்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகரில் ஒரு மருந்தகத்தில் 16 வருடமாக மருந்தாளராக வேலை செய்கிறேன். முகத்துக்கும் தோலுக்கும் பூசுகிற சாமான்களில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். கேட்டவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு வெள்ளை டப்பா.

போன கச்சான் காலத்தில் படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை சால்வையால் முகத்தை மூடியிருந்தாள். "இஞ்ச பாருங்க மகள், இந்தப் பிள்ளைட முகத்த" என்று என்னிடம் சொல்லிச் சால்வையை விலக்கினார். இரண்டு கன்னமும் சிவந்து கிடந்தன. தோல் மெலிந்து, உள்ளே நூல் நூலாக ஓடும் இரத்த நாளம் தெரிந்தது. நாடியில் பரு. காதோரத்தில் பூனைமயிர் அடர்த்தியாக வளர்ந்திருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு கடையில் வாங்கிய கிறீமாம். மூன்று கிழமையில் முகம் பளிச்சென்று வந்ததைப் பார்த்து மச்சாள்மாரும் கேட்டு வாங்கினார்களாம். டப்பா முடிந்து நாலு நாளில் எரிச்சல் தொடங்கியிருக்கிறது. பூசினால் அடங்குகிறது, விட்டால் எரிகிறது. டப்பாவைக் கொண்டு வந்திருந்தார்கள். மூடியில் ஒரு பூப்படம். திருப்பிப் பார்த்தால் யார் செய்தது, என்ன போட்டது, எதுவரை பாவிக்கலாம், ஒரு எழுத்தும் இல்லை.

இது ஸ்டீரொயிட் கலந்த கிறீம் செய்கிற வேலை. தோல் வைத்தியரிடம் அனுப்பினேன். அவரும் அதையே சொன்னார். ஸ்டீரொயிட் நல்ல மருந்துதான். கரப்பனுக்கும் வேறு தோல் நோய்களுக்கும் வைத்தியர்கள் நாள் எண்ணித் தருகிறார்கள். அதில் குளோபிட்டசோல் மிக வலுவானது. இரண்டு கிழமைக்கு மேல் விடாமல் பூசக்கூடாது, முகத்துக்குப் பூசக்கூடாது என்று அதன் கடதாசியிலேயே எழுதியிருக்கும். அதை மாதக்கணக்கில் ஒரு பிள்ளையின் முகத்தில் பூச வைக்கிறார்கள். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

பக்கத்தில் ஒரு பேனை இருந்தால், டப்பாவின் பின்பக்கத்தில் தேடிப் பார்க்க வேண்டிய இந்தப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். குளோபிட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன். இவை மூன்றும் ஸ்டீரொயிட். அடுத்தது ஹைட்ரோகுவினோன். இதையும் வைத்தியர் தரலாம். தாமாக வாங்கி நீண்டகாலம் பூசியவர்களுக்குத் தோல் நீலக்கறுப்பாக மாறுவதுண்டு. அந்தக் கறை லேசில் போகாது. ஐரோப்பிய நாடுகள் முகக் கிறீம்களில் இதை 2001இலேயே தடைசெய்துவிட்டன. கடைசியாக மெர்கியூரி, மெர்கியூரிக், மெர்கியூரஸ், கலோமெல். நாலும் பாதரசம்தான்.

பாதரசத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோலுக்கு நிறம் தருவது மெலனின். வெயிலிலிருந்து தோலைக் காப்பாற்றுவதும் அதுதான். மெலனினை உண்டாக்கும் நொதியைப் பாதரசம் முடக்கிவிடும், முகம் வெளுக்கும். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் போய்ப் பிடிக்கும், நரம்புகளைக் கெடுக்கும். முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போவது அதன் அடையாளங்களில் ஒன்று. அந்தக் கிறீமிலிருந்து ஆவியும் வரும். தாய் பூசினால் தலையணை, துவாய், அவருடைய கை வழியாக மடியில் கிடக்கும் குழந்தைக்கும் போகும். கர்ப்பிணித் தாய்மார் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

சில டப்பாக்களில் "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று எழுதியிருக்கும். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு அதை வெளுக்க வைத்துவிடும், அதுதான் காரணம். தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பூச வேண்டிய ஒன்றை முகத்தில் பூசலாமா?

ஜப்பானில் மினமாட்டா என்ற கரையோர ஊரில் பாதரசம் கலந்த மீனைத் தின்று ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. இலங்கை 2017இல் சேர்ந்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள வெளிறவைக்கும் கிறீமைச் செய்யவோ ஏற்றி இறக்கவோ 2020க்குப் பிறகு இடமில்லை என்று அதில் இருந்தது. 2025 முதல் அந்தச் சிறு அளவும் கூடாது என்று பிறகு முடிவெடுத்தார்கள். சட்டம் அப்படி இருந்தும், பெயரில்லாத டப்பாக்கள் இங்கே கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

சரி, பெயர் உள்ள நல்ல சாமானை எப்படி வாசிப்பது? பின்பக்கத்தில் என்னென்ன சேர்த்தது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் எது கூடுதலாக இருக்கிறதோ அது முதலில் வரும், அப்படியே குறைந்துகொண்டு போகும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் கடைசியில் எந்த ஒழுங்கிலும் எழுதலாம். முதல் சொல் பெரும்பாலும் "அக்வா". அது தண்ணீர். முன்பக்கத்தில் பெரிய கற்றாழைப் படம் போட்டிருப்பார்கள். நீங்கள் பின்பக்கத்தில் பீனொக்ஸிஎத்தனோல் என்ற சொல்லைத் தேடுங்கள். அது கிறீம் பழுதாகாமல் காக்கும் பொருள். ஒரு சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. கற்றாழை அதற்குப் பிறகு வந்தால், அதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. எழுத்துப் பொடியாக இருக்கும், ஆங்கிலத்திலும் இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்க்கலாம்.

"பர்ஃபம்" என்றால் வாசனை. அந்த ஒரு சொல்லுக்குள் பத்து இருபது பொருள் இருக்கலாம். தோல் அடிக்கடி அரிக்கிறவர்கள் அது இல்லாததை வாங்குங்கள்.

"கெமிக்கல் இல்லை, எல்லாம் இயற்கை" என்று விற்பதையும் நம்பிவிடாதீர்கள். தண்ணீர் சேர்ந்த கிறீமில் பழுதாகாமல் காக்க ஒன்றும் போடாவிட்டால், நம்முடைய புழுக்கத்தில் சில நாளில் கிருமியும் பூஞ்சணமும் பிடித்துவிடும். பராபென் என்றதும் பயப்படுகிறார்கள். மெத்தில்பராபெனை 0.4 சதவீதம் வரை ஐரோப்பாவிலேயே அனுமதிக்கிறார்கள். தேசிக்காய் இயற்கைதானே என்று முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கை மருதாணியும் அப்படித்தான். மருதோன்றி இலை செம்மஞ்சளாகப் பிடித்து, மெல்ல மெல்லக் கபில நிறமாகும். கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடித்தால், தலைமயிர்ச் சாயத்தில் போடும் பிபிடி அதில் கலந்திருக்கக் கூடும். சாமத்திய வீட்டுக்கும் பெருநாளுக்கும் பிள்ளைகளின் கையில் அதைப் போடவேண்டாம்.

கச்சான் காற்றுக்குத் தோல் வெடித்தால் கிளிசரீன் சேர்ந்த லோஷனோ வெறும் பெற்றோலியம் ஜெலியோ போதும். குளித்து ஈரம் காயுமுன் பூசுங்கள். வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்குத் தொப்பியும் நீளக்கைச் சட்டையும் முதல் காவல். வசதியிருந்தால் எஸ்பிஎஃப் 30 போட்ட சன்ஸ்கிறீம் வாங்கலாம். எஸ்பிஎஃப் என்பது வெயிலைத் தடுக்கும் அளவு. புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் பூசிச் சில நாள் பொறுத்துப் பாருங்கள்.

சந்தேகமான கிறீம் வீட்டில் இருந்தால் வளவில் குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். பாதரசம் இருந்தால் புகையோடு மூக்கில் ஏறும். மூடி இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, வைத்தியரிடம் போகும்போது கொண்டுபோங்கள். பூசத் தொடங்கிய நாளை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் ஏசமாட்டார். கடையைப் பற்றி முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.

அந்தப் பிள்ளை ஏழு மாதம் கழித்து வந்திருந்தாள். கல்யாணம் முடிந்துவிட்டது. சிவப்பு ஓரளவு அடங்கியிருந்தது, வெயில் பட்டால் இன்னும் எரிகிறதாம். ஒரு லோஷன் போத்தலை எடுத்துத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழாக முழுதும் வாசித்தாள். பிறகுதான் என்னிடம் விலை கேட்டாள்.

நன்றி, வணக்கம்.