மேலே வந்த பிறகும் உயிரோடு இருக்க

வணக்கம் நேயர்களே. மூழ்கிப்போன நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஆட்கள் தப்பி வர அணியும் உடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அத்தனை ஆழத்திலிருந்து எப்படி மேலே வருவது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் மேலே வந்து சேர்ந்த பிறகு நடப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த உடை பிறந்த காரணமே அங்கேதான் இருக்கிறது.

1950 ஜனவரி 12. இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்று முகத்துவாரம், நடுக் குளிர்காலம், இருட்டிவிட்டது. பழுதுபார்ப்பு முடிந்து சோதனை ஓட்டம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ட்ருகுலன்ட் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியின் மீது டிவினா என்ற சுவீடன் நாட்டு எண்ணெய்க் கப்பல் மோதியது. மாலுமிகளோடு கப்பல் தளத் தொழிலாளர்கள் 18 பேரும் உள்ளே இருந்தார்கள். நீர்மூழ்கி மூழ்கி அடித்தரையில் போய் நின்றது, ஆழம் அதிகமில்லை. உயிரோடு இருந்தவர்கள் பதறவில்லை, வரிசையாகக் காத்திருந்தார்கள், மேலே ஏதோ கப்பலின் சுழலிச் சத்தம் கேட்டதும் மீட்க வந்துவிட்டார்கள் என்று நம்பி ஒவ்வொருவராக ஹேட்ச் என்ற மூடி போட்ட வாசல் வழியே வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேலே வந்தும் சேர்ந்தார்கள். ஆனால் அங்கே அவர்களுக்காக எந்தப் படகும் காத்திருக்கவில்லை. கடலின் இழுப்பு அவர்களை இருட்டுக்குள் கொண்டுபோனது, குளிர் மீதியை முடித்தது. மொத்தம் 64 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 15 பேர்தான்.

இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. மூச்சை அடக்கி, பயத்தை அடக்கி, சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்து மேலே வந்தவர்கள் அவர்கள்.

அதுவரை மூச்சுக் கருவியைத்தான் எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். டேவிஸ் கருவி என்று ஒன்று 1929 முதல் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தது, மார்பில் ஒரு ரப்பர் பை, அதில் ஆக்சிஜன், வாயில் ஒரு குழாய். குளிருக்கு அதில் ஒன்றுமே இல்லை. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். வீட்டிலேயே செய்து பாருங்கள்: ஒரு வாளியில் ஐஸ் கட்டி போட்டு, கையை ஒரு நிமிடம் அதில் வைத்திருந்துவிட்டு, எடுத்தவுடன் சட்டைப் பொத்தானைப் போடப் பாருங்கள். விரல்கள் இருக்கும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் ஒருவர் கும்மிருட்டில், அலையில், ஒரு சிறிய கொக்கியைத் தேடி இழுக்க வேண்டும் என்றால் அந்தக் கொக்கி இருந்தும் பயனில்லை. அதனால்தான் இந்த உடைகளில் இழுக்க வேண்டியவை பெரிதாக, உறை போட்ட கைக்கும் அகப்படுவதாக இருக்க வேண்டும்.

சரி, இப்போது வடிவமைப்பில் இருக்கும் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். ஏறும்போது காற்று வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும், மேலே வந்தபின் சூடு வெளியே போகவே கூடாது. இரண்டையும் ஒரே உடை செய்ய வேண்டும். 180 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நாம் நிற்கும் தரையில் இருப்பதைப் போல 19 மடங்கு. அங்கே இழுத்த ஒரு லிட்டர் காற்று மேலே வரும்போது 19 லிட்டராகிவிடும். யாராவது பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டால் நுரையீரல் கிழிந்துவிடும். ஆகவே கழுத்தையும் மார்பையும் சுற்றி ஒரு காற்றுப் பை, முகத்துக்கு முன்னால் கண்ணாடி போன்ற ஜன்னல் வைத்த தலைமூடி. பையில் பெருகும் காற்று வால்வு வழியே தலைமூடிக்குள் வருகிறது, மிச்சம் அங்கிருந்து வெளியே போகிறது. உள்ளே இருப்பவர் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே வரலாம். பை மேலே இருப்பதற்கும் காரணம் உண்டு, காற்று கால் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆள் தலைகீழாகிவிடுவார்.

வேகமும் முக்கியம். தப்பும் அறை ஒரு ஆள் நிற்கும் குழாய் மாதிரிதான். அதில் நின்று, உடையின் கைப்பகுதியில் இருக்கும் இணைப்பைக் காற்றுக் குழாயில் செருகிக்கொண்டால், தண்ணீர் ஏறி அழுத்தம் நான்கு வினாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காதில் குத்துகிற வலி, ஆனால் நேரம் கடத்தக் கூடாது, அழுத்தத்தில் இருக்கும் ஒவ்வொரு வினாடியும் ரத்தத்தில் நைட்ரஜனைச் சேர்க்கும், மேலே வரும்போது அது குமிழியாகி உடம்பைக் கெடுக்கும். மூடி திறந்ததும் வினாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகத்தில் தக்கை போல மேலே வந்துவிடுவார்.

அமெரிக்கக் கடற்படை 1960-களில் கொண்டுவந்த ஸ்டெய்ன்கி தலைமூடியும் மூச்சுக்கு நல்ல தீர்வுதான். ஆனால் அது லைஃப் ஜாக்கெட்டோடு சேர்ந்த தலைமூடி மட்டும், உடம்பு நனையும். பின்னால் அவர்களே அதை விட்டுவிட்டு பிரிட்டிஷ் பாணி முழு உடைக்கு மாறினார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ட்ருகுலன்ட் கற்றுக்கொடுத்தது அதைத்தான். இன்றைய முழு உடையில் குளிர் தாங்கும் உள்பக்கம் உண்டு, ஒருவர் மட்டும் ஏறி உட்காரும் சின்னத் தெப்பமும் கூடவே வருகிறது. நனையாமல் இருப்பதைவிடத் தண்ணீரை விட்டே வெளியே வந்துவிடுவது நல்லது அல்லவா.

1987-ல் நார்வேயின் பெர்கன் அருகே ஓட்டஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியிலிருந்து இரண்டு பேர் 183 மீட்டர் ஆழத்திலிருந்து இப்படி மேலே வந்தார்கள். அது ஏற்பாடு செய்த சோதனை. அவர்களுக்காக மேலே ஆட்கள் தயாராகக் காத்திருந்தார்கள்.