69 ஆட்டங்களோடு நின்றுபோன ஸ்டீவ் மூர்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டு நிகழ்ச்சிக்கு ஒரு சட்டத்தரணியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதனால் கோல் கணக்கைவிட வழக்குக் கணக்குத்தான் என் வாயில் அதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் ஹொக்கி பார்க்கிற எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு டிராஃப்ட் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அப்பா அம்மாக்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் என்.எச்.எல்., அதாவது வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கின் கழகங்கள் வரிசையாக நின்று இளம் வீரர்களைப் பொறுக்கி எடுக்கும். ஒரு கழகம் எடுத்தவரை இன்னொரு கழகம் நினைத்தபடி தொட முடியாது. 1998இல் கொலராடோ அவலாஞ்ச் கழகம் 53ஆவது ஆளாக எடுத்தவர் ஸ்டீவ் மூர், ஒன்ராறியோப் பிள்ளை. அப்போது அவர் ஹார்வர்டில் மாணவர். பட்டத்தை முடித்துவிட்டுத்தான் முழுநேர ஆட்டத்துக்கு வந்தார். எங்கள் பெற்றோர் கேட்டால், "பிள்ளை என்றால் இப்படி இருக்கவேணும்" என்பார்கள்.

அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. 2003-04 பருவத்தில் 57 ஆட்டங்களில் ஐந்து கோல். எதிரணியின் பெரிய ஆட்களை மறித்து மோதுவதுதான் அவருடைய வேலை. அந்த வேலையைச் செய்யப்போய்த்தான் வினை வந்தது.

2004 பெப்ரவரி 16. வன்கூவர் கனக்ஸ் அணித்தலைவர் மார்க்கஸ் நாஸ்லண்ட் பந்தை, மன்னிக்கவேணும், பக்கை எட்டிப் பிடிக்கக் குனிந்தபோது மூர் மோதினார். நாஸ்லண்டுக்குத் தலையில் அடி, மூன்று ஆட்டங்கள் விளையாடவில்லை. நடுவர்கள் அதைக் குற்றமாகப் பார்க்கவில்லை. லீக்கும் தண்டிக்கவில்லை. வன்கூவர் வீரர்கள் விடுவதாக இல்லை. பழிவாங்கப் போகிறோம் என்கிற தொனியில் ஊடகங்களிலேயே பேசினார்கள். மார்ச் 3ஆம் திகதி இரண்டு அணிகளும் மறுபடி மோதியபோது லீக்கின் ஆணையாளரே நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்து நாள் கழித்து, மார்ச் 8, வன்கூவரில். முதல் பகுதியிலேயே மூர் ஒருவருடன் கைகலந்துவிட்டார். ஹொக்கிக்காரரின் எழுதாத சட்டப்படி கடன் அத்தோடு தீர்ந்திருக்கவேணும். தீரவில்லை. மூன்றாம் பகுதியில், வன்கூவர் படுதோல்வியின் விளிம்பில் நின்ற நேரம், டொட் பெர்டூசி என்ற ஆறடி மூன்றங்குல ஆள் மூரைப் பின்தொடர்ந்தார். மூர் திரும்பவில்லை. பெர்டூசி சட்டையைப் பிடித்திழுத்து, பின்னாலிருந்து தலையில் குத்தி, முகம் பனியில் மோத அவர் மேலேயே விழுந்தார். மற்றவர்களும் மேலே வந்து குவிந்தார்கள். கழுத்தில் மூன்று முள்ளெலும்புகளில் முறிவு, மூளை அதிர்ச்சி, முகத்தில் வெட்டுக்காயங்கள். மூருக்கு அப்போது வயது 25. அதற்குப் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

பெர்டூசிக்கு என்ன நடந்தது? லீக் 17 மாதம் தடை விதித்தது. அதில் ஒரு முழுப் பருவம், வீரர்களுடனான தகராறில் கழக உரிமையாளர்கள் செய்த கதவடைப்பால் யாருக்குமே ஆட்டம் இல்லாமல் போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர் உண்மையில் இழந்தது 20 ஆட்டங்கள். குற்றவியல் நீதிமன்றில் தாக்கியதை ஒப்புக்கொண்டார். ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 80 மணி நேர சமூகசேவை, அவ்வளவுதான். நிபந்தனையோடு விடுவித்த தீர்ப்பு என்பதால் குற்றவாளி என்ற பதிவும் இல்லை. 2006இல் கனடாவுக்காக ஒலிம்பிக்கிலேயே ஆடினார். என்.எச்.எல்.இல் மொத்தம் 1,159 ஆட்டங்கள். மூருடைய மொத்தம் 69.

மூர் 2006இல் ஒன்ராறியோவில் சிவில் வழக்குப் போட்டார், பெர்டூசி மேலும் கனக்ஸ் உரிமையாளர் நிறுவனத்தின் மேலும். முதலில் கேட்டது சுமார் 20 மில்லியன் டொலர். கடைசியில் அது 68 மில்லியனாக வளர்ந்தது. இந்த இடம்தான் எனக்கு முக்கியம். விபத்து வழக்குகளோடு அலைகிற எவரும் கேட்கிற கேள்வி இது: நடக்காமல் போன ஒரு வாழ்க்கைக்கு விலை போடுவது எப்படி?

எதிர்த்தரப்புச் சட்டத்தரணியாக நான் இருந்தால் என்ன சொல்வேன்? "இவர் 53ஆவது தெரிவு, குறைந்த நேரமே களமிறங்குகிற நான்காம் வரிசை ஆள், இரண்டு மூன்று வருடத்தில் வெளியே போயிருப்பார்." மூருக்காக நின்றால், அதே 1998 டிராஃப்டில் பவெல் டட்சுக் 171ஆவதாக எடுக்கப்பட்டதைக் காட்டுவேன், அவர் இன்றைக்கு ஹொக்கிப் புகழவையில் இருக்கிறார். பிறகு மூருடைய சொந்தத் தம்பியைக் காட்டுவேன். டொமினிக் மூர், அதே ஹார்வர்ட், 2000ஆம் ஆண்டில் 95ஆவது தெரிவு, அவரும் நட்சத்திரம் இல்லை. ஆனால் 897 ஆட்டங்கள் ஆடினார். இதைவிட நல்ல அளவுகோலைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. அதற்கு மேல் இன்னொன்று: அடிபட்டது மூளையில். ஹார்வர்ட் பட்டதாரிக்கு ஹொக்கி போனால் வேறு தொழில் இருக்கிறதே என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

வழக்கு எட்டு வருடம் இழுபட்டது. இடையில் பெர்டூசி தன் பயிற்றுநர் மார்க் க்ரோஃபர்டையும் உள்ளே இழுத்தார். க்ரோஃபர்டின் பதில், மைதானத்தை விட்டு வெளியே வா என்று கூப்பிட்டும் பெர்டூசி கேட்கவில்லை என்பது. பிறகு அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது.

2014 செப்டம்பர் 8 விசாரணை தொடங்கும் நாள். ஓகஸ்டிலேயே சமரசம். தொகை இரகசியம். மூரைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. என் கட்சிக்காரராக இருந்தால் நானும் கையெழுத்து வையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் ஆட்டக்காரர் பழிவாங்கினால் சம்பளம் கொடுக்கிற கழகம் எவ்வளவு பொறுப்பு என்று ஒரு நீதிமன்றம் எழுதிவைக்கும் வாய்ப்பு அன்றைக்குக் கைநழுவிப் போனது. சட்டத்தரணி என்ற முறையில் எனக்கு அதில் இன்றைக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.