பரணில் மாட்டிக்கொண்ட அப்பா

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருப்பூர்ப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

'பண்டிகைக் குடும்பப் படத்தில் சிரிப்பு வருவது குழப்பத்தாலா, பாசத்தாலா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி 1989-இல் வந்த 'கிறிஸ்துமஸ் வெகேஷன்' என்ற ஆங்கிலப் படத்தை எடுத்துக்கொண்டார். வான்கோழி காய்ந்து போனது, மரம் எரிந்தது, அணில் பாய்ந்தது என்று அடுக்கினார். "இதில் பாசம் எங்கே?" என்றும் கேட்டார். அதே படத்தை வைத்தே காட்டுகிறேன்.

சிகாகோ பக்கம் ஒரு வீடு. கிளார்க் என்ற குடும்பத் தலைவர் கூரையில் ஏறி 25,000 சின்ன பல்புகளைக் கட்டுகிறார். எல்லாரையும் வாசலில் குளிரில் நிறுத்தி வைத்துச் செருகினால், ஒன்றுகூட எரியவில்லை. நாம் சிரிக்கிறோம். எரியாத பல்பைப் பார்த்தா? நம் ஊரில் கரண்ட் போனால் யார் சிரிக்கிறார்கள்? பெற்றவர்களும் மாமனார் மாமியாரும் கண் நிறையப் பார்க்க வேண்டும் என்று அந்த மனிதர் படுகிற பாடு நமக்குத் தெரியும். அதனால் சிரிக்கிறோம்.

அப்புறம் எடி. நம் முறைப்படி கிளார்க்குக்குச் சகலை. கையில் வேலை இல்லை, காசும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு வண்டியில் வந்து இறங்குகிறார். கருமத்தம்பட்டியில் எங்கள் அப்புச்சி வீட்டுக்கும் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பெரிய மாமா இப்படித்தான் எட்டுப் பேரோடு வந்தார். பூசைக்கு மணி அடிக்கிற நேரம். அமுச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. இறக்கி வைத்த கச்சாயச் சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினார். கிளார்க்கும் அதைத்தான் செய்கிறார். சகலையின் குழந்தைகளுக்குப் பரிசு வாங்க வழியில்லை என்று தெரிந்ததும், நான் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

போனஸ் கதையைத் திருப்பூரில் வந்து விளக்க வேண்டியதில்லை. இங்கே 1965-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது, இன்றைக்கும் குறைந்தது 8.33 சதவீதம் என்று கேட்க வழி உண்டு. கிளார்க்குக்கு அது முதலாளி மனசு வைத்தால்தான். அதை நம்பி, வீட்டில் எல்லாரும் குளித்து மகிழ ஒரு நீச்சல் குளத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டார். உறையைப் பிரித்தால் போனஸ் இல்லை. மாதம் ஒரு ஜாம் பாட்டில் வருமாம்! எடி நேராகப் போய் முதலாளியையே கட்டித் தூக்கி வந்துவிடுகிறார். தப்புதான், போலீஸ் வீட்டை உடைத்துக்கொண்டு வருகிறது. ஆனால் தன் குழந்தைகளுக்குக் கை கொடுத்தவனுக்காக அல்லவா அந்த ஆள் அப்படிப் போனார்?

கடைசியாக ஒரு காட்சி. பரிசுகளை ஒளித்து வைக்கப் பரணில் ஏறியவர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார். வீட்டில் எல்லாரும் கடைக்குப் போய்விட்டார்கள். குளிர் தாங்காமல், பெட்டியில் கிடைத்த பழைய பெண்கள் உடுப்பைச் சுற்றிக்கொண்டு, பழைய படச்சுருளைப் போட்டுப் பார்க்கிறார். சின்ன வயசு கிறிஸ்துமஸ். கண் கலங்குகிறது. அந்த நேரம் மனைவி கீழிருந்து ஏணிக் கதவை இழுக்க, அப்படியே விழுகிறார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். அந்தக் கண்ணீரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? எதிரணித் தம்பி பதில் சொல்லட்டுமுங்க.